மூன்றாம் மாடிக்கு விழுந்த பெருக்கல் குறி

ஓட்டுத் தொழிற்சாலையில் அவனுக்குத் தராசு என்று பெயர். தரை ஓடுகளை முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்கும் மூவரில் அவன் மூத்தவன். நிறம், அளவு, மட்டம், விரிசல் பார்த்து மூவரும் தனித்தனியே குறி போடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் மாறுபட்டவர் காரணம் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி குறி. மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விரிசல் இருந்தால் கழிவுதான். இருபது வருடமாக அங்கே சண்டையே வந்ததில்லை என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்தது. இனி யார் வீட்டில் இருப்பது என்று அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தபோது, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி இவன், தொழிற்சாலை முறைப்படியே மூவரும் குறி போடலாம் என்று ஒரு தாளை எடுத்தான். அம்மா தன்னோடு வர வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. நாற்பத்தெட்டு வயதில் அதை வாய்விட்டுக் கேட்க வெட்கம். தாளே கேட்டுக் கொடுத்துவிடும் என்று நம்பினான்.

"படி, பாத்ரூம், பகல்ல ஆள், டாக்டர் தூரம். ஒண்ணுல பெருக்கல் குறி விழுந்தாலும் அந்த வீடு அவுட்."

"யோசிச்சுதான் சொல்றியாடா?" என்றாள் அக்கா.

"விதின்னா விதிதான்க்கா."

தம்பி வீட்டு வாசலில் நாலு படி. அதை மனதில் வைத்துத்தான் இந்தப் புத்திசாலி படியை முதலில் எழுதினான். தான் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்பது, தம்பி சிரித்தபோதுதான் உறைத்தது. தினமும் ஏறி இறங்குவதை அவன் படியென்றே நினைத்ததில்லை.

மூன்றாம் மாடிக்குத் தம்பி பெருக்கல் குறி போட்டான். அக்காவும் போட்டாள். மாறுபட்டவன் இவன் ஒருவன்தான். காரணம் சொல்ல வேண்டும். இருந்த ஒரே காரணத்துக்குத் தாளில் கட்டம் இல்லை. பேனாவை வாங்கித் தானும் போட்டான். நாலு படிக்குத் தம்பி வீடும் அவுட். பத்தே நிமிடத்தில், ஒருமனதாக, படியே இல்லாத அக்கா வீடு.

அக்கா தாளை உள்ளே கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இந்தக் குறி நீ போட்டதாடா?"

விதியை விளக்க வாயெடுத்தான். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிய வாய்தான்.

"படி ஜாஸ்திம்மா," என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மெதுவா ஏறியிருப்பேனே," என்று அம்மா தாளை மடித்து அவனிடமே கொடுத்தாள்.