அவருக்கு விருப்பமில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் நான் வாயை வாடகைக்கு விட்டுப் பிழைத்தேன். அகதி விண்ணப்பம் போட்டவர்களை விசாரிக்கிற ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அவர்கள் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதிகாரி கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். சொந்தமாக ஒரு சொல்லும் பேசக்கூடாது. முதல் நாளே அதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயரெடுத்த எனக்கு இப்படி ஒரு வேலையா என்று என் மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒருநாள் விசாரணைக்கு ஒரு பெடியன் வந்தான். இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர். விசாரணை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. இராணுவ முகாமில் பதினொரு நாள் வைத்திருந்து தனக்குச் செய்ததைச் சொன்னான். மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் அடித்தார்கள். பெருவிரல்களில் கயிறு கட்டித் தூக்கினார்கள். மிளகாய்த்தூள் போட்ட பையைத் தலையில் கவிழ்த்துக் கழுத்தில் இறுக்கினார்கள். ஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி முதுகில் வைத்து அழுத்தினார்கள். எல்லாவற்றையும் யாருக்கோ பஸ் ரூட் சொல்கிற மாதிரிச் சொன்னான். நானும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தலை நிமிராமல் எழுதினார். பிறகு, உடம்பில் அடையாளம் ஏதும் இருந்தால் காட்டலாம் என்றார்.

அவன் எழும்பி நின்று சேர்ட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

எண்பத்துமூன்று கலவரத்தில், நாங்கள் கொழும்பில் குடியிருந்தபோது, என் அண்ணனை எங்கள் வாசலில் வைத்தே உடுப்பை உருவினார்கள். அம்மணமாக ரோட்டில் இழுத்துக்கொண்டுபோய், அடித்து, டயர் போட்டுக் கொளுத்தினார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தவள். ஒரு ஆம்பிளை நாலு பேருக்கு முன்னால் சேர்ட்டைக் கழற்றுவதை அதற்குப் பிறகு என்னால் பார்க்க முடிந்ததே இல்லை. மூன்றாவது பொத்தானில் என் வாய் என்னை மீறிவிட்டது.

"வேண்டாம் தம்பி. சேர்ட்டைப் போடும்."

அக்கா வயதில் ஒருத்தி சொன்னால் எங்கள் ஊர்ப் பெடியள் கேட்பார்கள். அவனும் கேட்டான். பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

என்ன நடந்தது என்று அதிகாரி என்னைக் கேட்டார். நான் சொந்தமாகப் பேசினேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். அந்த ஒரு நொடியில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவருக்கு விருப்பமில்லை என்றேன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். நான் நாசமாய்ப் போக.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தான். அலுவலகத்துக் கடிதம் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கோ என்றான். வாசித்தேன். காயங்களைக் காட்டச் சந்தர்ப்பம் கொடுத்தும் விண்ணப்பதாரர் மறுத்துவிட்டார். உண்மையாகவே சித்திரவதைப்பட்டவர் மறுப்பதற்கு நியாயம் இல்லை. ஆகவே அவர் சொன்னதை நம்புவதற்கில்லை. தவிர, அவர் ஜேர்மனி வழியாக வந்தவர். ஜேர்மனி பாதுகாப்பான நாடு. அங்கேயே திருப்பி அனுப்பப்படுவார்.

"நான் மறுத்தனானோ அக்கா?" என்று கேட்டான்.

சொன்னேன். ஒன்றும் ஒளிக்காமல் முழுவதையும் சொன்னேன். அவன் எனக்கு ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் அவனுடைய வக்கீலிடம் போய் நடந்ததை எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஒரு டாக்டர் அவன் முதுகைப் பார்த்து, ஸ்திரிப்பெட்டியின் கூர்முனை வரைக்கும் தோலில் பதிந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அந்தக் கிழமை முடியுமுன்பே என் வேலை போனது. போகட்டும், சனியன். ஆனால் முடிவு மாறவில்லை. காயம் உண்மையாகவே இருந்தாலும் அதை ஜேர்மனி விசாரித்துக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. அவன் முதலில் விண்ணப்பம் போட்டதே ஜேர்மனியில்தான். அங்கே முதுகைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நிராகரித்து, கொழும்புக்கு விமானம் ஏற்ற நாளும் குறித்தார்கள். அதற்குப் பயந்துதான் லொறிக்குள் ஒளித்து இங்கே ஓடிவந்தவன். ஐரோப்பா ஒன்றாகிறது என்று டிவியில் கோட் போட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒல்லாந்துத் தக்காளி ஒரு கேள்வியும் இல்லாமல் எல்லை தாண்டி எங்கள் தெருக்கடைக்கு வந்தது. மனிசனைத்தான் ஒருவர் மாறி ஒருவர் பந்தடித்தார்கள்.

இதை முடிவெடுத்தது யார் என்று கேட்டு அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். ஐந்து இடத்துக்கு மாற்றினார்கள். கடிதத்தின் அடியில், மந்திரிக்காக என்று போட்டு ஒரு கிறுக்கல் கையெழுத்து இருந்தது. அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோப்பு முழுக்கத் தேடினாலும், பிழை என்னுடையது என்று பெயர் போட்டு எழுதிய ஆள் நான் ஒருத்திதான். கடைசியாகப் பேசிய பெண் எல்லாம் நடைமுறைப்படிதான் நடந்தது என்று நாலாவது தடவை சொன்னபோது, ரிசீவரைச் சுவரில் அடித்து உடைத்தேன். பிறகு அதை டேப் சுற்றித்தான் பாவித்தோம்.

அவனைப் பிடித்துத் தடுப்பு நிலையத்தில் போட்டார்கள். முதல் தடவை விமானத்தில் ஏற்றக் கொண்டுபோனபோது அவன் படியின் கைப்பிடியை விடவில்லை. நாலு பேர் விரல் விரலாக முறுக்கிப் பிரித்தார்கள். முகத்தை இரும்புப் படியில் மோதினார்கள். கத்தக்கூடாது என்று வாயைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். இரத்தத்தைப் பார்த்த விமானி ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை அவனே எனக்கு போன் எடுத்து இதையெல்லாம் சொன்னான். முன்பல் இரண்டு போயிருந்ததால் பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. மத்தியானம் திரும்பவும் ஏற்றப்போகிறார்களாம், இந்தமுறை ஆறு பேராம். நான் அழுதேன். அந்த நாட்டையும் இந்த நாட்டையும் வாயில் வந்தபடி தூஷணத்தில் திட்டினேன். நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தான்.

"ஜேர்மனியிலை கேட்டால் கழட்டட்டோ அக்கா?"

"கழட்டும் தம்பி. கேட்காட்டிலும் கழட்டும்."

"ஓம் அக்கா" என்றான்.