மச்சினன் வண்டியில் ஓடிய பாட்டு

"அமைதியானவர். தேவைக்கு மேல் பேசுவதில்லை. தன் கருத்தைச் சொல்லத் தயங்குகிறார். இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்."

மூக்குக்கண்ணாடிக் கடை நிர்வாகம், லென்ஸ் தீட்டும் ஊழியரைப் பற்றி அந்த வருட மதிப்பீட்டில் இப்படி எழுதியிருந்தது. அதைப் படித்த அவர் மனைவி சிரித்த சிரிப்பில், உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று.

"ஏங்க, இது உங்களோடதுதானா? வேற யாரோடதாவது மாறி வந்துடுச்சா?"

கடையில் அவர் பேசாததற்குக் காரணம் அடக்கமல்ல. அங்கே புரோக்ரெசிவ் ராக் என்னும் மேற்கத்திய இசையைப் பற்றிக் கேட்க ஆளில்லை, வேறெதைப் பற்றியும் பேச அவருக்கு விருப்பமில்லை. வீட்டிலோ இசைத்தட்டும் வாயும் சேர்ந்தே சுழலும். ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் ரகம் அது. தாளம் நடுவழியில் மனம் மாறும். பாடுபவர் வாய் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். லென்ஸ் துடைக்கும் துணியால் இசைத்தட்டைத் துடைப்பதும், உறையில் அந்தரத்தில் மிதக்கும் கோட்டைகளைப் பூதக்கண்ணாடியால் ஆராய்வதும்தான் அவருடைய விடுமுறை. சினிமா பிடிக்காது. சீக்கிரம் முடிந்துவிடுகிறதாம்.

முள்ளை வைத்ததும் ஆரம்பிப்பார். "இப்ப பாரு, டிரம் உள்ள வரும்... வந்துச்சா? இதைப் புல்லாங்குழல்னு நினைக்கிறியா? இல்லவே இல்ல, கீபோர்டு!"

மனைவி பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார். அடுப்பு எரியாத நாளிலும் போவார். அவருக்கு ரசனை இல்லை என்று இவர் முடிவுகட்டி, பெரிய மனது பண்ணி மன்னித்தும் விட்டிருந்தார்.

மனைவியின் தம்பி குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். அத்தானின் நச்சரிப்பு தாங்காமல் அவரிடமிருந்து ஒரே ஒரு பாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தன் வேனில் துணிக்கடைக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்த அக்கா, செருப்பைக் கழற்றும்போதே எதையோ முணுமுணுத்தார்.

"என்ன அது?"

"தம்பி வண்டியில போட்டான். என்ன பாட்டு! கடைசியில அந்தக் குரல் மட்டும் தனியா வருது பாருங்க, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நீங்களும் இந்த மாதிரி ஏதாவது வாங்கி வைக்கலாம்ல?"

கல்யாணமான முதல் வாரமே அவர் மனைவிக்குப் போட்டுக் காட்டிய பாட்டு அது.

மனைவி வேறொருவனிடம் மனதைப் பறிகொடுத்திருந்தால் ஊரில் அனுதாபமாவது கிடைத்திருக்கும். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது? மச்சினனையே போனில் பிடித்தார்.

"டிரம் வாசிக்கிறவர் பேரு தெரியுமாடா உனக்கு?"

"தெரியாதே அத்தான்."

"எந்த வருஷத்து ரெக்கார்டு?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னத்தைச் சொல்லி அவளைக் கேட்க வச்ச?"

"ஒண்ணுமே சொல்லல அத்தான். டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம். பாட்டு ஓடுச்சு, கேட்டோம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

வாரம் முழுக்க அவர் லென்ஸ் தீட்டும் எந்திரத்தைவிட அதிகமாக உறுமினார். நட்டது நான், காய் பறிப்பவன் அவனா? அடுத்த ஞாயிறு மனைவி கைப்பையோடு கிளம்பினார்.

"தம்பி வர்றான். பாட்டைக் கேட்டுக்கிட்டே ஒரு சுத்து போயிட்டு வர்றோம்."

"அந்த டப்பா ஸ்பீக்கர்லயா? இங்க இவ்வளவு பெரிய செட் இருக்கு, இங்கயே கேளேன்."

"இங்க பாட்டு எங்கங்க கேட்குது? உங்களைத்தானே கேட்க வேண்டியிருக்கு!"

கீழே ஹாரன் அடித்தது. அவர் லென்ஸ் துணியைக் கையில் வைத்தபடி நின்றார்.

"ஒரே ஒரு தடவை உட்காரு. அவன் காத்திருக்கட்டும்."

மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், கைப்பை மடியில், எழுந்து ஓட வசதியாக. அதே பாட்டின் மேல் முள் இறங்கியது. டிரம் வந்தது, அவர் தாடை துடித்தது. தாளம் மாறியது, துணியைக் கசக்கினார். நடுவில் மனைவி திரும்பிக் கேட்டார்.

"ஏங்க, இது புல்லாங்குழல்தானே?"

அந்தக் கீபோர்டு எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினார்.

கீழே மறுபடி ஹாரன். மனைவி கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

இசைத்தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.