பத்தொன்பது காலி நாற்காலிகள்

டெல்மர் ஹாவர்மன் விதைச்சோளம் விற்கிறவர். அயோவாவின் வடமேற்கு மூலையில், லிண்டன் மாவட்டத்தில், அவரிடம் விதை வாங்காத பண்ணை குறைவு. அதோடு பதினேழு வருஷமாகக் குடியரசுக் கட்சியின் மாவட்டத் தலைவர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம்; எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம் என்று எல்லாரும் தள்ளித் தள்ளி இவர் தலையில் வந்து விழுந்தது. கமிட்டியில் முப்பத்திரண்டு இடம். அதில் பத்தொன்பது காலி. கூட்டத்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் முப்பத்திரண்டு நாற்காலியையும் அவரே விரித்துப் போடுவார், முடிந்ததும் அவரே மடக்கி வைப்பார். வருகிற பதின்மூன்று பேரில் இரண்டு பேருக்குக் காது கேட்காது.

அந்த ஆற்றாமையில்தான் ப்ரைஸ் காடெலுக்கு எழுதினார். ப்ரைஸுக்கு இருபத்தாறு வயது. ஃப்ளோரிடாவில் ஒரு அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து தினமும் மூன்று மணி நேரம் பேசுவான். நாடு முழுக்கக் கேட்கும். டெல்மரின் மனைவி ரோண்டா அவன் குரல் இல்லாமல் மாவு பிசையமாட்டாள். நாற்பது வருஷம் வீடு வீடாய்ப் போய்த் தட்டிய டெல்மருக்குத் திறக்காத கதவெல்லாம் அந்தப் பையனுக்குத் தட்டாமலே திறந்தது. டெல்மர் காலி இடங்களின் பட்டியலை ஊர் ஊராகப் பிரித்து எழுதி அனுப்பிவைத்தார். தன் கையாலேயே.

ப்ரைஸ் அதை நிகழ்ச்சியில் வாசித்தான். "லிண்டன் மாவட்டம். பத்தொன்பது நாற்காலி சும்மா கெடக்கு. யாரைக் கேக்கணும்? போய் உக்காருங்கடா!"

பிப்ரவரியில் பள்ளி ஜிம்மில் கட்சிக்கூட்டம். கமிட்டிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். கை தூக்கினால் இடம் கிடைத்துவிடும், அவ்வளவுதான் விதி. அன்றைக்குப் பத்தொன்பது கைகள் எழுந்தன. டெல்மருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதய்யா, கேக் நனைஞ்சிடும்" என்று ருபார்ப் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள் மார்லிஸ் டீடமன். அவளும் அதே கட்சிதான். இருபது வருஷமாக மாவட்டத் தேர்தல் அதிகாரி. அவள் கணவனின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் டெல்மரும் ஒருவர்.

புதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பன்றிப் பண்ணையில் வேலை செய்யும் காலிப் வீயர்ஸ்மா டெல்மரின் பழுதான போனைச் சரிசெய்து கொடுத்தான். நாற்காலி மடக்க இப்போது ஆள் இருந்தது.

நவம்பரில் தேர்தல். அன்று பார்த்துப் பனிப்புயல். ஒரு கிராமத்து வாக்குப்பெட்டியைக் கொண்டுவர வண்டியோட்ட யாரும் துணியவில்லை. மார்லிஸ் தானே போனாள், சட்டப்படி எதிர்க்கட்சிக் கிழவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு. திரும்பும் வழியில் கார் பள்ளத்தில் சறுக்கியது. அருகில்தான் டெல்மரின் பண்ணை. அவர் டிராக்டரை எடுத்துவந்து சங்கிலி மாட்டி இழுத்துவிட்டார். ஒரு மணி நேர வேலை. பெட்டி பின்சீட்டிலேயே இருந்தது, முத்திரைகூடக் கலையவில்லை.

அந்தத் தாமதம் ப்ரைஸின் வாயில் விழுந்தது. "ஒரு மணி நேரம் பெட்டி எங்க போச்சு, மார்லிஸ்?" என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். மறுநாள் அதையே காப்பிக்கடையில் கேட்டார்கள். அதே சிரிப்பு, அதே இடத்தில் அதே நிறுத்தம். விதை வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். ரோண்டா அடுப்படியிலிருந்து கேட்டாள். ஊரே ஒரே குரலில் பேசியது. நான்தான் இழுத்துவிட்டேன் என்று டெல்மர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கட்சித் தலைவன் ஒரு மணி நேரம் வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான் என்று அந்தக் குரல் அவரைப் பிடித்துக்கொள்ளும். அவர் பயந்தார். மூடி மறைக்க இதில் ஒன்றுமில்லை, பயந்துதான் போனார்.

ஜனவரிக் கூட்டத்தில் காலிப் எழுந்து மார்லிஸ் மீதான கண்டனத் தீர்மானத்தை வாசித்தான். கடைசி வரிசையில் மார்லிஸ், கோட்டுகூடக் கழற்றாமல்.

வாசித்து முடிந்ததும் அவள் கேட்டாள். "டெல்மர், உனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையா?"

"தலைமைல இருக்கிறவன் விவாதத்துல கலந்துக்கக் கூடாது மார்லிஸ். விதி."

விதிதான். ஆனால் தலைவர் கூட்டம் நடத்தும் மரச்சுத்தியை உதவித் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசலாம் என்பதும் விதிதான். கண்காட்சியில் கட்சிக் கூடாரத்தைப் பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில் போடாதே என்று வாதாட ஒருமுறை அப்படிக் கொடுத்து, இருபது நிமிஷம் முழங்கியவர் இதே டெல்மர். மார்லிஸ் அன்றைக்கும் அந்த அறையில் இருந்தாள்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சரி" என்றாள்.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் டெல்மர். இருபத்தேழு பேர் நின்றார்கள். சுத்தியால் தட்டினார்.

அதற்கப்புறம் மார்லிஸின் வீட்டு போன் ஓயவில்லை. முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அழைத்து அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பிப்ரவரியில் ராஜினாமா செய்துவிட்டுத் தெற்கு டகோட்டாவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். டெல்மரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தேவாலயத்தில் அவள் உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. டெல்மருக்கு விதைக் கிடங்கில் மூட்டை எண்ணும்போது சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்ப்பார். முற்றத்தில் பனியைத் தவிர ஒன்றும் இருக்காது. வேளைக்கு வேளை சாப்பிட்டும் ஆள் பாதியாகிவிட்டார்.

மார்ச் கூட்டத்தில் காலிப் கையில் ஒரு காகிதத்தோடு எழுந்தான். மார்லிஸின் அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கிய தேர்தல் நாள் குறிப்பேட்டின் நகல்.

"எல்லாம் எழுதியிருக்கா. எத்தனை மணிக்குக் கார் சறுக்குச்சு, கூட யாரு, வழியில பெட்ரோல் போட்டவன் பேருகூட. அப்புறம் இது. கேளுங்க." அவன் வாசித்தான். "'வழியில் வந்த விவசாயி ஒருவர் டிராக்டர் கொண்டு இழுத்துவிட்டார்.' அவ்வளவுதான்! பேரு இல்ல. கூட வந்த கெழவரைக் கேட்டா, புயல்ல முகம் தெரியலங்கறாரு. எல்லார் பேரும் போட்டவ இவன் பேரை மட்டும் ஏன் போடல? யாரைக் காப்பாத்துறா?"

டெல்மருக்கு அப்போதுதான் புரிந்தது. ஜனவரியில் அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். தப்பித்திருப்பாள். அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று நின்றாள். வரவில்லை என்றதும் சரி என்று சொல்லிவிட்டு, அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நேத்து ப்ரைஸே கேட்டுட்டாரு" என்றான் காலிப். "அந்த விவசாயியைக் கண்டுபிடிங்கன்னு. ஒரு குழு போடணும். இந்த மாவட்டத்துல ஒவ்வொரு டிராக்டரும் யாருதுன்னு தெரிஞ்ச ஆளு நீங்கதான் தலைவரே. நீங்களே முன்னாடி நின்னு நடத்துங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். காலிப் அன்போடுதான் சிரித்தான். உதவித் தலைவர் விசாரணைக் குழு என்று தலைப்பிட்ட தாளை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் திறந்து கொடுத்தார். தலைவர் என்றிருந்த முதல் வரியில் டெல்மர் தன் பெயரைத் தெளிவாக எழுதினார்.