வாய்க்காலின் மேல் வாங்கிய மனை

ஏரியை எப்படி மூடுவது என்று அமுதவல்லிக்குத் தெரியும். பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் அவளே ஒன்றை மூடியிருக்கிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. நல்லம்பள்ளியை அடுத்த அவளுடைய ஊரில் மூன்று வருடம் தொடர்ந்து மழை இல்லை. நிலக்கடலை பூவிலேயே கருகியது. கிணற்றில் பாறை தெரிந்தது. அதே ஊர்க்காரனான மேஸ்திரி மாரியப்பன் அவளையும் கணவன் மாதையனையும் இன்னும் முப்பது பேரோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். முதல் வேலை, இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் ஒரு பள்ளத்தில் கொட்டிச் சமப்படுத்துவது. பள்ளத்தில் கோரை வளர்ந்திருந்தது. நீர்க்கோழிகள் ஓடின.

“மேஸ்திரி, இது ஏரியாட்டம் இருக்குதுங்களே?”

“இருந்துச்சு. நீ கொட்டு.”

கொட்டினாள். மூன்று வருடத்தில் அங்கே பதினான்கு மாடிகள் எழுந்தன. சாரம் கட்டியது, கலவை சுமந்தது, ஓடு பதித்தது எல்லாம் அவளைப் போல வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள். கட்டி முடித்ததும் அவர்களுக்கு மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகைதான் கிடைத்தது. ஒரு பெருமழையில் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் ஏரியைக் காணாமல் கொட்டகைக்குள் புகுந்தது. ரேஷன் கார்டு, மகளின் முதல் வகுப்புப் புத்தகங்கள், அரிசி எல்லாம் சேற்றில் போயின. மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் அடுக்ககத்தின் கேட்டைத் தட்டினாள். “ஹோகம்மா, ஹோகு” என்று காவலாளி கன்னடத்தில் விரட்டினான். அடுத்த வாரம் அடுக்ககத்துக்காரர்கள் ஒரு புகார் எழுதினார்கள். கொட்டகைவாசிகள் குப்பை போட்டுச் சாக்கடையை அடைத்ததால்தான் தண்ணீர் தேங்கியதாம். கொட்டகைகளை இடித்துத் தள்ளினார்கள். அந்தப் புகாரை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பல் கடிபடும்.

பதினேழு வருடம் இப்படி இடம் மாறி மாறி ஓடியது. கடைசியில் தர்மபுரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, மாதையன் ஒரு மனை வாங்கினான். அவள் பெங்களூரில் வேலையில் இருந்தபோதே பத்திரம் முடிந்து, சுற்றுச்சுவரும் எழும்பிவிட்டது. மனையை விற்றவன் மாரியப்பன். மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு இப்போது லேஅவுட் போடுகிறான்.

அந்த வருடப் பொங்கலுக்கு வந்தபோதுதான் அமுதவல்லி இடத்தைப் பார்த்தாள். கலர் கொடிகள், அலங்கார வளைவு, வரிசையாக மஞ்சள் கற்கள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். மேற்கே மலை, கிழக்கே ஏரிக்கரை. நடுவில் அவர்களுடைய சுவர்.

“மேஸ்திரி, இது ஏரிக்குப் போற வாய்க்காங்க.”

“தண்ணி வந்து பத்து வருசமாச்சு அமுதா. வராத தண்ணிக்கு வாய்க்கா எதுக்கு?”

“வந்தா எங்க போவும்?”

மாரியப்பன் சிரித்தான். “பெங்களூர்ல இதக் கேட்டியா? கூலிய வாங்கிக்கிட்டு மண்ணக் கொட்டுனவதான நீயி?”

ஊருக்கு வந்ததும் அமுதவல்லி கணவன் மீது பாய்ந்தாள். மாதையனும் விடவில்லை.

“அங்க மனை வாங்குனவனெல்லாம் நம்மளாட்டம் பொழைக்கப் போனவந்தான். ஒசூரு, திருப்பூரு, பெங்களூருன்னு போயி ஒடம்பக் குடுத்துட்டு வந்தவன். ஊர்ல என்ன இருக்குது? டவுன்ல ஸ்கூல் இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது. சொந்த வூடு வேணும்னு அழுதது நீதான?”

அவன் சொன்னது பொய்யில்லை. அதனாலேயே அவள் கோபம் இரட்டிப்பானது. மாதையன் மட்டும் பெங்களூருக்குத் திரும்பினான்; அவள் போகவில்லை. டவுனில் ஓர் அறை பிடித்து, கிடைத்த வேலைக்குப் போனாள். வாய்க்காலை மறித்து மனை போட்டிருப்பதாக ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். வேறோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ரசீது மட்டும் கிடைத்தது.

அந்த டிசம்பரில் புயல் மழை வந்தது. வேலை நின்றுபோய் மாதையனும் ஊருக்கு வந்திருந்தான். இரண்டாம் நாள் காலை, மலையிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் பழைய தடம் பிடித்து வந்து லேஅவுட்டில் முட்டியது. போக வழியில்லாமல் பக்கத்தில் தாழ்வாக இருந்த தெருவுக்குத் திரும்பியது. அமுதவல்லி ஓடிப் போனபோது, அந்தத் தெருவில் ஆடு வளர்க்கும் சின்னம்மாள் இடுப்பளவு தண்ணீரில், இரண்டு குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மற்றவை மிதந்தன.

“உங்க செவுருதாண்டி எங்கள முழுவடிக்குது! நல்லா வாழுங்கடி!” என்று அவள் கத்தினாள்.

அமுதவல்லி தன் மனைக்கு ஓடினாள். கொத்தனார்கள் விட்டுப்போயிருந்த கடப்பாரையை எடுத்துத் தன் சுவரின் அடியில் குத்தினாள். மாதையன் ஓடி வந்து கையைப் பிடித்தான்.

“பைத்தியமா உனக்கு? பதினேழு வருசத்து ஒழப்புடி!”

“தெரியும், வுடுங்க! நானுந்தான் ஒழச்சேன். அன்னிக்கு அந்தக் கேட்டத் தட்டிக்கிட்டு நின்னேனே, மறந்துட்டீங்களா? இன்னிக்கு நாமதான் கேட்டுக்கு உள்ள நிக்கறோம்!”

கையை உதறிக்கொண்டு மறுபடியும் குத்தினாள். சிமெண்ட் கல் சுவர். அடி ஆட்டம் கண்டதும் தண்ணீரே மீதியைத் தள்ளிவிட்டது. அடுத்த மனையின் சுவருக்குச் சின்னம்மாளும் தெருப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அவளுடையதோடு சேர்த்து நான்கு மனைகளின் சுவர்கள் விழுந்தன. மாரியப்பன் வளைவின் கீழே நின்று போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஏரி பாதி நிரம்பியது.

சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு விழுந்தது. மற்ற மூன்று மனைக்காரர்களில் இருவர் வந்து தண்ணீர் போன தடத்தைப் பார்த்துவிட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். மூன்றாமவருக்காக மாரியப்பன் பேச வந்தான்.

“மன்னிப்பு எழுதிக் குடுத்துரு. முடிச்சுக்கலாம்.”

“வாய்க்கால வித்தவன் நீ. நீ மொதல்ல எழுது. அந்தத் தெருவுல ஒவ்வொரு வூட்டுக்கும் எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எங்கிட்ட வா.”

சர்வேயர் வந்து அளந்து, வாய்க்கால்தான் என்று ஒப்புக்கொண்டு கல் நட்டார். வாய்க்காலில் நின்ற மீதிச் சுவர்களை யாரும் எடுக்கவில்லை. மாதையன் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்குப் பெங்களூருக்கே திரும்பிப் போனான். அவர்களுடைய மனையின் நடுவே இப்போது வாய்க்கால் ஓடுகிறது. வீடு கட்ட முடியாது, விற்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்வான். போன வாரம், “அந்த மூணாவது ஆளு இன்னும் கேஸ வாபஸ் வாங்கலியா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“கோர்ட்டு வாய்தாவுக்கு நானும் வரட்டா?”

“வாங்க” என்றாள். குரலில் இன்னும் சூடு இருந்தது. “ஆனா மன்னிப்பு கேளுன்னு சொல்றதுக்கு வராதீங்க.”