காயலான் பெட்டியில் நரிக் குடும்பம்

நரி ஊருக்குள் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். எந்த ஊருக்குள்? எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி வேலிக்காத்தான் புதராகக் கிடந்த இடத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கி, கம்பி வேலி போட்டு, காலி கன்டெய்னர்களை அடுக்கி வைத்தவர்கள் மனுஷர்கள்தான். அதற்கு முன்பே அங்கே நரி இருந்தது, கீரி இருந்தது, உடும்பு இருந்தது. அவை எங்கிருந்தும் வரவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனக்கு இது பாடம் நடத்திப் புரியவேண்டிய விஷயம் இல்லை. கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்லித்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வைத்தார்கள். என் மாமனாரின் அப்பா வலை உலர்த்திய மணலில் நான் ஆக்கிரமிப்பாம். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

கழிமுகத்தில் இறால் குறைந்துபோன பிறகு, அந்தக் கன்டெய்னர் யார்டில் பெட்டி கூட்டும் வேலைக்குப் போனேன். ஆறு வருடம் பார்த்தேன். சரக்கை இறக்கிவிட்டு வரும் காலிப் பெட்டிக்குள் உடைந்த பலகை, சிந்திய பருப்பு, ஆணி, பஞ்சு என்று எதுவாவது கிடக்கும். கூட்டித் தள்ளி, எண்ணெய்க் கறை இருந்தால் மரத்தூள் போட்டுத் தேய்த்து, அடுத்த சரக்குக்குத் தயார் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்று பார்த்தால்தான் அது என்ன வேலை என்று தெரியும். பெண்கள் ஒன்பது பேர் இருந்தோம்.

பெட்டியைத் திறக்கிறதுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் கதவுப் பக்கம் போகக் கூடாது. பின்பக்கம் போய்த் துடைப்பக் கட்டையால் மூன்று தட்டு தட்ட வேண்டும். பிறகு முன்னால் வந்து ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டு, ஒதுங்கி நிற்க வேண்டும். உள்ளே சாரைப்பாம்போ நல்லபாம்போ இருந்தால், சத்தத்துக்குப் பயந்து வெளிச்சத்தைப் பார்த்து அதுபாட்டுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் கதவுப் பக்கம் தட்டிவிட்டு உள்ளே நுழைவார்கள். பாம்பு உள்மூலைக்கு ஓடியிருக்கும், இவர்களும் துடைப்பத்தோடு அதே மூலைக்குப் போவார்கள். அப்புறம் அலறல்தான். ஆறு வருடத்தில் நாங்கள் ஒரு பாம்பையும் அடித்ததில்லை, எங்களையும் எதுவும் கடித்ததில்லை.

கூட்டி முடித்த பெட்டியின் கதவில் சாக்பீஸால் குறி போடுவோம். ஆளுக்கு ஒரு குறி. சிலர் பூ போடுவார்கள், சிலர் பிறை. நான் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் மீன் போடுவேன். பெட்டி சுத்தம் என்பதற்கு மட்டும் இல்லை அது. ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெட்டிக்குள் படுத்துத் தூங்கிய தொழிலாளியைத் தெரியாமல் பெட்டியோடு தூக்கிவிட்டார்கள். கீழே இறக்கும்போது அவர் கை முறிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் குறி இல்லாத பெட்டியைத் தூக்கும் வண்டிக்காரர் தொடக் கூடாது என்று விதி வந்தது. அந்த சாக்பீஸ் மீனுக்கு அர்த்தம், உள்ளே யாரும் இல்லை, நான் பார்த்துவிட்டேன் என்பது.

இதில் நாங்கள் செய்த ஒரு கள்ளத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்து ஓட்டை விழுந்த பெட்டிகளை வேலியோரம் ஒதுக்கி வைப்பார்கள், உடைத்து இரும்புக்குப் போட. அதை நாங்கள் காயலான் பெட்டி என்போம். உடைக்கப் போகிற பெட்டியை எவள் கூட்டுவாள்? திறக்காமலே, நடந்துகொண்டே குறி போட்டுவிடுவோம். ஒன்பது பேரும் செய்தோம். நானும் உத்தமி இல்லை.

ஒரு பங்குனி மாதக் காலையில் சூப்பர்வைசர் வந்து, வேலியோரத்துக் காயலான் பெட்டி நான்கும் இன்றைக்கே போகிறது, லாரிகள் வருகின்றன என்றார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் போய் வரிசையாக நான்கு மீன் போட்டுவிட்டு வந்து, டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தேன். என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவர் தொண்டையார்பேட்டை அக்கா. அவர் வீட்டுக்காரர் மூலக்கொத்தளத்தில் பழைய சாக்கு வியாபாரம் பார்த்து நொடித்துப் போனவர். அக்காவுக்குக் கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

வேலிக்கு வெளியே ஒரு நரி நின்றுகொண்டிருந்தது. நரியைப் பார்ப்பது எங்களுக்குப் புதிது இல்லை. சாயங்காலத்தில் கழிமுகச் சேற்றில் நண்டு பொறுக்கும். ஆளைக் கண்டால் ஓடிவிடும். இது பட்டப்பகலில் நின்ற இடத்திலேயே நின்றது. நான் கையை ஆட்டினேன், அப்போதும் போகவில்லை.

"தே, அது மடியப் பாத்தியா?" என்றார் அக்கா. "பால் கட்டிகினு கீது. குட்டி எங்கியோ இங்கதான் கீது."

டப்பாவை மூடினேன். வேலிக்கு அடியில் மண் பறிந்த இடம் ஒன்று உண்டு. அது மூன்றாவது காயலான் பெட்டிக்கு நேரே இருந்தது. எழுந்து போனேன். கதவின் கீழ்மூலை துரு தின்றுபோய் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. குனிந்து பார்த்தேன். நண்டு ஓடுகள். ஒரு மாதிரி கவிச்சை வாடை. கிழிந்த சாக்குக்கு மேல் மண் நிறத்தில் நான்கு குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

அந்தக் கதவில்தான் என் மீன் இருந்தது. உள்ளே யாரும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. இப்படிச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும், நரிக்காக வெட்கமா என்று. ஆமாம், நரிக்காகத்தான். எங்கள் வீட்டை இடிக்க வந்த அன்றைக்கும் ஒரு ஆள் கதவில் பெயின்ட்டால் ஒரு நம்பரை எழுதிவிட்டுத்தான் போனான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்போது உள்ளே உலை வைத்திருந்தேன்.

தூக்கும் வண்டி முதல் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தது. நான் முந்தானையால் மூன்றாவது பெட்டியின் குறியைத் தேய்த்து அழித்தேன். அந்த யார்டில் போட்ட குறியை யாரும் அழித்ததில்லை. குறியை அழித்தால், பார்க்காமல் போட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அது தெரிந்துதான் அழித்தேன். அழித்துவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றேன்.

வண்டி ஓட்டுகிறவர் எம்.கே.பி. நகர்க்காரர், என்னைவிடச் சின்னவர். தலையை வெளியே நீட்டி, "இன்னா யக்கா?" என்றார்.

"உள்ள ஆள் கீது."

"யாரு?"

"ஒரு தாயோட நாலு புள்ளைங்க."

அவர் இன்ஜினை அணைத்தார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஓட்டையில் எட்டிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

"நரிக்குட்டி! இதுக்கா வேலைய நிப்பாட்டின? செக்யூரிட்டியைக் கூப்பிட்டு நாலு தட்டு தட்டினா ஓடப் போகுது."

"கண்ணே இப்பதான் தொறந்து கீது சார், அது எங்க ஓடும்?"

"சரி, மார்க் போட்டது நீதானே? அப்ப பாக்காமலே போட்டியா?"

சுற்றிலும் மற்ற பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். எல்லோர் முகமும் வெளுத்திருந்தது. எல்லோரும் இப்படித்தான் போடுகிறோம் என்று நான் வாயைத் திறந்தால் ஒன்பது பேர் சோறும் போகும்.

"ஆமா சார், பாக்காமதான் போட்டேன்" என்றேன். "நான் பண்ண தப்பு இது. அதான் அழிச்சிட்டேன்."

அவர் என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, தானே கதவில் ஒரு டிக் போட்டார். வண்டிக்காரரைப் பார்த்து, தூக்கு என்றார்.

"அது யக்கா மீன் இல்லயே சார்" என்றார் வண்டிக்காரர். "கூட்றவங்க குறி இல்லாம தூக்கக் கூடாதுன்னு ரூலு போட்டது உங்க ஆபீஸ்தான். அவங்க உள்ள ஆள் கீதுன்றாங்க. நான் எப்பிடித் தூக்குவேன்?"

மற்ற மூன்று பெட்டிகளும் லாரிகளில் ஏறிப் போயின. சூப்பர்வைசர் என்னை ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார். ஒரு தாளில் மடமடவென்று எழுதி என் முன்னால் தள்ளினார். நான் எட்டாவது வரை படித்தவள். வேலையில் கவனக்குறைவு, லாரி தாமதம், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு என்று இருந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

"நரி எங்க சார்?"

"எது எங்க?"

"இதுல நரின்னு ஒரு எடத்துலகூட இல்லயே. பொட்டிக்குள்ள நரிக்குட்டிங்க இருந்திச்சு, அதுக்காக மார்க்கை அழிச்சேன்னு எழுதுங்க. கவனக்குறைவும் எழுதுங்க, அது நெசம். ரெண்டுத்துக்கும் சேத்துக் கையெழுத்துப் போடறேன்."

"நரின்னு எழுதினா ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா. பாரஸ்ட்காரன் வருவான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்குற புதரை வழிக்கணும்னு ப்ளான் போட்டு வெச்சிருக்கு, அதெல்லாம் நின்னுபோகும்."

"நிக்கட்டுமே சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எழுதவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில், கேட் பாஸை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, கூப்பிடும்போது வா என்றார். கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தேன். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான்.

கேட்டுக்குப் போகும் வழியில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு நரிக்காக எல்லார் வயித்துலயும் அடிக்கப் பாத்தியேமே! நாளைக்கு எங்க எல்லாரையும் நிக்க வெச்சுக் கேப்பான், இன்னா சொல்லுவோம்?"

"மடியப் பாருன்னு சொன்னதே நீதானேக்கா?"

"பாருன்னுதான் சொன்னேன். போய் நில்லுன்னா சொன்னேன்?"

சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் மூன்று நாள் முடங்கிக் கிடந்தேன். நான் இல்லாவிட்டால் என்ன, இன்னும் எட்டு பேர் இருக்கிறார்கள், யாராவது ஒருத்தியை மிரட்டிக் குறி போட வைத்துவிடுவார், அவ்வளவுதான் கதை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேளை சாப்பிடும்போதும் அந்தக் குட்டி தலையைத் தூக்கியது ஞாபகம் வந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் வண்டிக்காரர் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். நான் போன மறுநாளே சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டிக்குக் குறி போடு என்றிருக்கிறார். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாராம். பின்பக்கம் தட்டவில்லை, குட்டிகள் பயப்படும் என்று. ஓட்டையில் குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து, "ஆள் கீது சார்" என்றாராம். அடுத்த நாள் இன்னொரு பெண்ணை அனுப்பினார். அவளும் போய்ப் பார்த்துவிட்டு, "ஆள் கீது சார்." அதற்கடுத்த நாள் இன்னொருத்தி, அதே பதில். யாரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று வண்டிக்காரர் சத்தியம் செய்தார். அதோடு இன்னொன்றும் செய்தார்களாம். அன்றிலிருந்து காயலான் பெட்டிகளையும் திறந்து, பார்த்து, பிறகுதான் குறி போடுகிறார்களாம். இனி ஒருத்தியையும் நிற்க வைத்துக் கேட்க முடியாது.

போனை வைத்துவிட்டு அழுதேன். ஆக்கிரமிப்பு என்று எங்களைத் துரத்தியபோது தெருவில் ஒருவரும் எங்களுக்காக இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்து வந்த அழுகை அது.

ஒன்பதாம் நாள் அக்காவே கூப்பிட்டார். "போய்ட்ச்சு. விடியறதுக்குள்ள ஒண்ணொண்ணா வாய்ல கவ்விகினு வேலியத் தாண்டிப் போய்ட்ச்சு. காலடி கீது, நானே பாத்தேன். கூட்டி, குறியும் போட்டுட்டேன்." பிறகு, "தெனமும் நரி மூஞ்சில முழிச்சும் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் வரலமே" என்று சிரித்தார்.

கேட் பாஸ் மட்டும் திரும்பி வரவில்லை. கூப்பிடும்போது வா என்றவர் கூப்பிடவே இல்லை. அந்த மாதம் கஷ்டப்பட்டோம், ரேஷன் அரிசியும் ரசமுமாக ஓட்டினோம். நான் செய்தது தப்பு என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மணலிப் பக்கம் வேறொரு யார்டில் கூட்டுகிறேன். சேர்ந்த அன்றைக்கு அங்கிருந்த மேனேஜர், பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார். நரிக்காக என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உள்ள ஆள் இருந்தா மார்க் போட மாட்டேன் சார். ரெண்டு காலா நாலு காலான்னும் பாக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், வேணாம்னா இப்பவே போறேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தைக் காட்டி, எடுத்துக்கொள் என்றார்.