பேர் போடாத சீட்டு

அந்தச் சபையில் ஜெபச் சீட்டுக்கு மூன்று விதிகள். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. பேர் எழுதக் கூடாது. பெட்டியில் விழுந்த அத்தனையையும் பாஸ்டர் ஞாயிறு ஆராதனையில் வாசித்தே தீர வேண்டும். யாருடைய சீட்டையோ விட்டுவிட்டார் என்று ஒருமுறை பெரிய சண்டை வந்ததிலிருந்து கடைசி விதி.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் நாளொன்றுக்கு இருநூறு படுக்கை விரிப்புகள் மடிப்பாள். வீட்டுக்கு வந்தால் இருநூற்று ஒன்றாவது காத்திருக்கும். அது தம்பியுடையது. எலக்ட்ரீஷியனாக இருந்தவன், சாரத்திலிருந்து விழுந்து ஒன்பது வருடம். கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்காது. வாய் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் சொல்லச் சொல்ல அவள் சீட்டு எழுதுவாள்.

“எழுந்து நடக்கணும்னு போடுக்கா. கையெழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும். இத்தனை வருஷமா அதையே படிச்சு ஆண்டவருக்கும் கண்ணு மங்கியிருக்கும்.”

“பேசாம வாயைத் திற, சூப் ஆறுது.”

ஒன்பது வருடமும் அதே வரிதான்.

அப்புறம்தான் மேனேஜர் கூப்பிட்டார். கடற்கரை ஊர் ஒன்றில் புதுக் கிளை திறக்கிறார்களாம். “சலவைப் பிரிவுக்கு நீங்கதான் பொறுப்பு. தங்க ரூம் உண்டு. திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க” என்று போனில் அறையின் படத்தைக் காட்டினார். ஒரு ஜன்னல், ஒரு கட்டில். அந்த ஒற்றைக் கட்டிலை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

தம்பியைச் சேர்க்க, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் ஏற்கெனவே கேட்டிருந்தாள். “யாராவது போனாத்தான்மா இடம்” என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் தம்பி சொன்னான். அவள் எழுதினாள். ஆனால் அவன் சொன்னதை எழுதவில்லை. ‘ஒன்பது வருடமாகப் படுத்திருப்பவரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும்.’ முதல் வரியை இரக்கம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இரண்டாவது வரிக்கு அந்தச் சால்ஜாப்பு எடுபடவில்லை.

தம்பி தலையணையில் வைத்த, சார்ஜர் இல்லாமல் நிற்காத பழைய போனில்தான் ஆராதனை கேட்பான். ஞாயிறு காலை அவள் சார்ஜர் பிளக்கை லேசாக இழுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பாஸ்டர் அதையும் வாசித்தார்.

“யார் வீடோ, கல்நெஞ்சு” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

“சும்மா இரு. படுறவங்களுக்குத்தான் தெரியும்” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

பழக்கத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அக்காவும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் தலையணையில் போன் ஒளிர்ந்தபடி கிடந்தது.

“பிளக்கைச் சரியா சொருகலக்கா நீ. கீழ்வீட்டு அத்தை வந்து போட்டுக் கொடுத்தாங்க.” தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நம்ம சீட்டை வாசிக்கவே இல்லையே.”

“விட்டுப்போச்சு போல.”

“அவர் எங்க விடுவாரு? நடந்த சண்டை மறந்துபோச்சா?”

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மன்னிச்சிருடா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “சூப் சுட வைக்கட்டுமா?” என்றுதான் வந்தது.

“நானும் ஆமென் சொன்னேன்க்கா” என்றான். “முதல் வரிக்கு இல்ல. அது பயமா இருந்துச்சு. ரெண்டாவது வரிக்கு.”

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவனிடம் கேட்காமலே கிடைத்துவிட்ட இந்த மன்னிப்புக்குப் பேர் கிருபை என்று பாஸ்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அது வந்தால் ஆசையைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். போகவில்லை. ஜன்னலும் ஒற்றைக் கட்டிலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

திங்கட்கிழமை மேனேஜரிடம் முடியாது என்றாள். எதிர்மேஜையில் மடிப்பவள் அந்த வாரமே கடற்கரை ஊருக்குப் பெட்டி கட்டினாள்.

சனிக்கிழமை பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எழுந்து நடக்கணும்னு போடவா?”

“வேண்டாம். இந்தத் தடவை நீயே எழுது.”

அவன் நடக்க வேண்டும் என்று எழுதினால் பொய். போன வாரத்து வரிகளை எழுதக் கை வரவில்லை. ஆனால் மனசு அவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சீட்டை வெறுமையாகவே மடித்துப் பெட்டியில் போட்டாள்.

பாஸ்டர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணும் எழுதலையே?” சிலர் சிரித்தார்கள். விதிப்படி அதையும் வாசித்தாக வேண்டும். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மத்தியானம் தம்பியைச் சுவர்ப்பக்கம் புரட்டி, அடியிலிருந்த விரிப்பை உருவினாள்.

“யாருமே ஆமென் சொல்லலையேக்கா” என்றான் சுவரைப் பார்த்தபடி. “நீ சொன்னியா?”

“எதுக்குன்னு தெரியாம எப்படிடா சொல்றது?”

அவள் புது விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையையும் ஹோட்டலில் செய்வது போலவே சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாள்.