ஒன்பதரை கிலோ

ரப்பரால் அழித்துவிட்டு, அட்டைமேல் கிடந்த துகள்களை அந்த மேடம் வாயால் ஊதியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவ்வளவு நிம்மதியாக ஊதினார். அப்போது நான், தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஈஜிபுராவில் ஓர் அங்கன்வாடியில் டீச்சர். அவர் எங்கள் மேற்பார்வையாளர். அவர் அழித்தது ஒரு பெண் குழந்தையின் எடைப் புள்ளியை. இரண்டு வயதில் ஏழரை கிலோ. வளர்ச்சி அட்டையின் சிவப்புப் பட்டையில் நான் வைத்திருந்த புள்ளியை ஒன்பதரைக்கு ஏற்றிப் பச்சையில் வைத்தார். "நம்ம பக்கத்துல ரெட்டே இல்லன்னு மேல சொல்லியாச்சும்மா. சும்மா எதுக்குத் தலைவலி? அடுத்த மாசம் தானா ஏறிடும்" என்றார். கீழே கையெழுத்துப் போட்டது நான்.

அந்தக் குழந்தையை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுவரோரம் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருக்கும். மற்ற பிள்ளைகள் பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளி, அழுது, "என்னோடது" என்று கத்தக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு காலருகே வந்தாலும் இது கையை நீட்டாது. உடம்பில் தெம்பில்லாத குழந்தை பந்தை நோக்கிப் போவதில்லை. போகாத குழந்தைக்குச் சண்டையில்லை, சிநேகிதமில்லை, பேச்சும் வருவதில்லை. பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மேடம்தான். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

குழந்தையின் அம்மா தொம்மலூரில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அந்த மாதம் அவளிடம், "நல்லா வளர்றா" என்று சொன்னேன். அடுத்த மாதம் தராசு ஏழு காட்டியது. யாரையும் கேட்காமல் சென்டரைப் பூட்டிவிட்டு, அவளை வரவழைத்து, மூவருமாக ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அட்டையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். உடனே அட்மிட் செய்யச் சொன்னார்.

வார்டு வாசலில் அவள் கேட்டாள்: "டீச்சர், போன மாசம் நல்லா வளர்றான்னீங்களே? அதை நம்பித்தானே நான் லீவு போடாம வேலைக்குப் போனேன்?"

நடந்ததைச் சொன்னேன். "மேடம்தான் மாத்தச் சொன்னாங்க" என்றேன்.

"மேடமா எம்புள்ளையத் தூக்கிப் பாத்தாங்க? நீங்கதானே தூக்குனீங்க?"

குழந்தை பிழைத்தது. மூன்று வயது நெருங்கும்போதுதான் நடக்கத் தொடங்கியது. நாலு முடிந்துதான் கோவையாகப் பேசியது. "எல்லாம் சரியாயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. ஓடி விழுந்து எழ வேண்டிய அந்த மாதங்களை அதற்கு யார் திருப்பித் தருவார்கள்? அனுமதியில்லாமல் சென்டரைப் பூட்டியதற்கு எனக்கு மெமோ வந்தது. மேடத்துக்குப் பதவி உயர்வு வந்தது. அவருக்குப் போட மாலை வாங்க என்னிடமும் பங்கு கேட்டார்கள். தர மாட்டேன் என்றேன். அந்தக் கோபத்தில் பாதி என்மீதே இருந்தது, இன்றும் இருக்கிறது.

இப்போது எடையை செல்போனில் ஏற்றுகிறோம். மேடமும் வேறு. போன வாரம் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் கூட்டிப் போட்டுடுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். நான் போனைத் தொடவில்லை. தராசிலிருந்து குழந்தையை இறக்கி அதன் அம்மா கையில் கொடுத்து, எடையைத் தெருவுக்கே கேட்கும்படி தமிழில் சொன்னேன். பிறகு வரிசையில் நின்ற மற்ற அம்மாக்களுக்காகக் கன்னடத்திலும் சொன்னேன்.